கைகழுவும் குழாயும் 46,767 கோடியும்: ஊர்ப் பள்ளிக்கு அரசுப் பணம் வரும் வழி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை ஒரு பையனின் அப்பா எழுந்து கேட்டார்: "டி.வி.யைப் போட்டா கல்விக்கு நாப்பதாயிரம் கோடிங்கறாங்க. இங்க கைகழுவுற குழாய் உடைஞ்சு ரெண்டு மாசமாச்சு. அந்தக் காசெல்லாம் எங்கதான் சார் போகுது?" தலைமையாசிரியர் லேசாகச் சிரித்துவிட்டு, "அடுத்த மானியம் வரட்டும்" என்றார். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். பதில் போதவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. அன்று தொடங்கிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெரிய எண்ணிலிருந்தே தொடங்குவோம். 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் கோடி வருகிறது. இது முரட்டுக் கணக்குதான். அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளமும் இதற்குள் இருக்கிறது. ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியையும் முப்பது பேர் படிக்கும் தொடக்கப் பள்ளியையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. இருந்தாலும் அந்த ஒன்றேகால் கோடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், குழாய், தாழ்ப்பாள், சாக்பீஸ் என்று தலைமையாசிரியர் தன் கையெழுத்தில் செலவழிக்கக் கிடைக்கும் பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய்.

மீதி எங்கே போனது? பெரும்பகுதி எங்கும் போகவில்லை, பள்ளிக்குள்ளேதான் இருக்கிறது. கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் ஆசிரியர்தான் அந்தப் பணம். சம்பளம்தான் கல்விச் செலவின் பெரிய பங்கு. இது தமிழ்நாட்டில் மட்டும் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான். சம்பளம் கருவூலம் வழியே நேரே ஆசிரியரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. பள்ளியின் கணக்குப் புத்தகத்தில் அது ஒரு வரியாகக்கூட வராது. அதனால் பெற்றோர் கண்ணில் படுவதெல்லாம் அந்த 25,000 மட்டும்தான்.

ஊர்ப் பள்ளியை ஒரு வயல் என்று வைத்துக்கொண்டால், அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்கள் பல. ஒவ்வொன்றின் மடையும் வேறு வேறு ஆள் கையில். பெயர்ப் பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று இருக்கும். ஆனால் அதன் ஆசிரியர்கள் 1981-லேயே அரசு ஊழியர்களாகிவிட்டார்கள், அவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் ஆட்கள். கட்டடம் இன்னும் ஒன்றியத்தின் சொத்து, ஆகவே ஊரக வளர்ச்சித் துறை. சத்துணவு சமூகநலத் துறை. அதனால் சுவர் விரிசல் விட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போய் நின்று பயனில்லை. ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.வைத்தான், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரைத்தான், பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் இது புரிவதற்கே மூன்று கூட்டங்கள் ஆயின. அதுவரை தப்பான அலுவலகத்துக்கு அழகழகாக மனு எழுதிக்கொண்டிருந்தோம்.

கட்டட விஷயத்தில் இந்தச் சுற்றுவழியின் விலை சில நேரம் பெரிது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை வேகமாக நடந்தது. இடிக்க ஒரு உத்தரவு போதும். திரும்பக் கட்ட மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் வேண்டும். குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று பின்னால் நிதி வந்தது உண்மை. இடைப்பட்ட காலத்தில் வகுப்பு நடந்தது மரத்தடியில், கோயில் மண்டபத்தில், வாடகை வீட்டில்.

இப்போது அந்த 25,000-க்கு வருவோம். அது ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா திட்டத்திலிருந்து வருகிறது; தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. 2018-ல் மூன்று பழைய திட்டங்களை இணைத்து உருவானது. நூறு ரூபாயில் அறுபது ஒன்றிய அரசு, நாற்பது மாநிலம். பள்ளி மானியத்துக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது: 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதத்தைத் தூய்மைப் பணிக்கு வைக்க வேண்டும்.

நாற்பது பிள்ளைப் பள்ளிக்குக் கணக்குப் போடுங்கள். 25,000-ல் 2,500 பினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் போனால் மிச்சம் 22,500. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,875 ரூபாய். பதிவேடு, பிரிண்டர் மை, ஆண்டு விழாவுக்கு மைக் செட், கழன்ற தாழ்ப்பாள், அப்புறம் அந்தக் குழாய். இன்னொன்றும் கவனியுங்கள். படிக்கட்டில் முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் 15,000 ரூபாய் நிற்கிறது. ஒரு குடும்பம் ஊரைவிட்டுத் திருப்பூருக்குப் போனால் பள்ளியின் ஆண்டு மானியம் பாதிக்கும் கீழே இறங்கலாம். கூரையின் நீளமும் கழிப்பறை எண்ணிக்கையும் மட்டும் குறையவே குறையாது.

பணம் வரும் காலமும் ஒரு சிக்கல். 2021-க்குப் பிறகு பள்ளியின் இந்தக் கணக்கு ஜீரோ பேலன்ஸ் கணக்கு. தொகை பாஸ்புக்கில் வந்து கிடக்காது; இவ்வளவு வரை எடுக்கலாம் என்ற வரம்புதான் ஏறும். நிதியாண்டு முடிந்தால் வரம்பும் போய்விடும். ஜூனில் தேவைப்பட்டது பிப்ரவரியில் வந்தால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? ஜூனில் தன் கைக்காசைப் போட்டிருப்பார், மார்ச்சில் பில் தேடிக்கொண்டிருப்பார். கெட்டிக்காரத் தலைமையாசிரியருக்கு ஊரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கடன் கணக்கு இருக்கும். இது எந்த விதிமுறையிலும் இல்லாத வாய்க்கால்.

ஒன்றிய அரசின் அறுபது ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கதை இன்னும் கொஞ்சம் நீளும். 1976-ல் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதனால் பள்ளியை நடத்துவது மாநிலமாக இருந்தாலும், கொள்கையிலும் நிதியிலும் டெல்லிக்கு ஒரு கை உண்டு. நீங்கள் வருமான வரி கட்டுபவராக இருந்தால் அதன் மேல் நான்கு சதவீதம் 'சுகாதாரம் மற்றும் கல்வி' கூடுதல் வரி பிடித்திருப்பார்கள். செஸ் என்று சொல்வது இதைத்தான். மற்ற வரிகளில் மாநிலங்களுக்கு நிதி ஆணையம் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. செஸ்ஸில் அந்தப் பங்கு கிடையாது. முழுக்க ஒன்றிய அரசின் கையில் இருக்கும், திட்டங்கள் வழியாகத்தான் கீழே வரும். திட்டம் என்றால் அதற்கு நிபந்தனையும் உண்டு.

அந்த நிபந்தனை எப்படி வேலை செய்யும் என்பதற்கு நம் மாநிலமே பாடப்புத்தகம். 2022-ல் வந்த பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்குவதாக அறிவித்தார்கள். அதற்கான ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக நடைமுறைப்படுத்த ஒப்புக்கொள்ளும் ஷரத்து இருந்தது. மும்மொழி உள்ளிட்ட காரணங்களைச் சொல்லித் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி, ஏறத்தாழ 2,152 கோடி, நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் கருத்து உண்டு. ஒரு திட்டத்தில் சேரவில்லை என்பதற்காக வேறொரு திட்டத்தின் பணத்தை நிறுத்தியது சரியில்லை என்றே நினைக்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது வேறு. சமக்ர சிக்ஷா பணம் வெறும் சாக்பீஸ் பணம் இல்லை. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர், தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தில் சேரும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணம் எல்லாம் அந்த வாய்க்காலில்தான் வருகின்றன. மேலே மடையை அடைத்தால் வயலின் எந்த மூலை காய்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

இதுவரை பணத்தைப் பேசினோம். தரம் என்பது என்ன? எங்கள் ஊரில் கேட்டால் ஸ்மார்ட் போர்டு, இங்கிலீஷ் மீடியம், டை கட்டிய யூனிஃபார்ம் என்பார்கள். தப்பில்லை, அவையும் வேண்டும்தான். ஆனால் 2005 முதல் நடக்கும் அசர் ஆய்வு ஒரு எளிய சோதனையை வைத்திருக்கிறது: பிள்ளையின் வீட்டுக்கே போய், இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதில் தடுமாறினால் மற்றதெல்லாம் பிறகுதான். பணம் தரமாக மாறியதா என்று பார்க்க இதைவிட மலிவான அளவுகோல் எனக்குத் தெரியாது.

பணத்தைக் கூட்டினால் இந்த வாசிப்பு தானாகக் கூடுமா? இந்தோனேசியாவில் 2005-ல் ஒரு சட்டம் வந்தது. சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பொருளியலாளர்கள் 360 பள்ளிகளில் அதன் விளைவைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆசிரியர்களுக்கு மனநிறைவு கூடியது, கடன் தொல்லை குறைந்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் அசைவே இல்லை. ஆசிரியருக்கு நல்ல சம்பளம் கூடாது என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் கையில் கூடுதல் பணம் வந்ததால் மட்டும் காலை பத்து மணி வகுப்பு மாறிவிடவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து ஆந்திராவில் நடந்தது இதைவிடச் சுவையானது. சில அரசுப் பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சிறு மானியம் கொடுத்தார்கள். நோட்டு, சிலேட்டு, பயிற்சித் தாள் வாங்கலாம். முதலாண்டு மதிப்பெண் ஏறியது. இரண்டாம் ஆண்டும் அதே மானியம். ஆனால் ஏற்றம் இல்லை. ஏன்? முதலாண்டு மானியம் திடீரென்று வந்தது. பெற்றோர் எப்போதும்போல நோட்டு வாங்கியிருந்தார்கள், பள்ளியும் வாங்கியது. இரண்டாம் ஆண்டு "ஸ்கூல்லயே கொடுத்துடுவாங்க" என்று வீட்டில் அந்தச் செலவைக் குறைத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கு அது நல்லதே, அந்தப் பணத்தில் வேறு ஏதாவது வாங்கியிருப்பார்கள். பிள்ளையின் பையில் இருந்த நோட்டுகள் மட்டும் அதே எண்ணிக்கை.

மூன்றாவது கதை நம்முடையது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஊரிலேயே இருக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பாடம் எடுத்தார்கள். ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டுப் பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வின்படி, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் பெருந்தொற்றில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. ஆயிரம் ரூபாய் என்பது வெட்கப்பட வேண்டிய தொகைதான். ஆனால் அந்தப் பணத்தின் ஒவ்வொரு ரூபாயும் ஒரு பிள்ளைக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்காரும் நேரமாக மாறியது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எத்தனை கோடி என்று கேட்பதைவிட, அந்தக் கோடி வகுப்பில் எத்தனை நிமிடமாக இறங்குகிறது என்று கேட்டால் பள்ளி புரிய ஆரம்பிக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல், தெரிந்த அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று உட்கார வைப்பதும் இதற்காகத்தான். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டால் அரும்புக் குழுவுக்கு உரிய பாடம். நல்ல யோசனை. அதை நடத்த ஆள் வேண்டுமே என்பதுதான் அடுத்த கேள்வி.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று, 91 ஆனால் நான்கு. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றால் ஆளுக்கு இருபது பிள்ளைகள். தனியார் பள்ளிகூடப் பொறாமைப்படும் விகிதம்! ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒரு ஆசிரியர் ஒன்று, இரண்டு, மூன்றை ஒரே அறையில் வைத்திருப்பார். இன்னொருவர் தலைமையாசிரியர். அவர் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும், விலையில்லாப் பொருட்களைப் போய் எடுத்து வர வேண்டும், வட்டார வள மையக் கூட்டத்துக்குப் போக வேண்டும், வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் அதையும் பார்க்க வேண்டும். அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. காகிதத்தில் 1:20, உள்ளே 1:40, ஐந்து வகுப்பும் ஒரே கூரையின் கீழ்.

ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்ட் 1-ம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் 'உபரி' என்று கணக்காகி, பணி நிரவலில் ஒருவரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். ஆசிரியர் போனார் என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றுவார்கள். அடுத்த ஆகஸ்டில் இன்னும் குறையும். யாரும் தப்பு செய்யாமலேயே ஒரு பள்ளி தேய்வது இப்படித்தான். ஒன்று இரண்டு பள்ளிகளில் இந்தத் தேய்வு நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஏப்ரலிலேயே வீடு வீடாகச் சேர்க்கைக்குப் போன ஊர்களில் ஆகஸ்ட் கணக்கு காப்பாற்றியது.

ஊர்க்காரர்கள் கொடுப்பதைச் சொல்லாமல் விட முடியாது. காமராஜர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊர் மக்களிடமிருந்து நிலம், பெஞ்சு, கரும்பலகை, மதிய உணவுக்குப் பாத்திரம் என்று திரட்டினார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அதன் இணையக் கால வடிவம் எனலாம். முன்னாள் மாணவரும் நிறுவனமும் பள்ளியைத் தேர்ந்தெடுத்து உதவலாம். கொடுப்பவர் மனதைக் குறை சொல்ல மாட்டேன், டியூப் லைட்டைவிட 'உபயம்' எழுத்து பெரிதாக இருந்தாலும்கூட. ஆனால் வெளிநாட்டில் என்ஜினீயர்கள் உள்ள ஊரின் பள்ளிக்கு மூன்றாவது புரொஜெக்டர் வரும். செங்கல் சூளைக்குப் போகிறவர்களின் ஊர்ப் பள்ளிக்கு ஒன்றும் வராது. நன்கொடையால் அரசு நிதியின் ஓட்டையை அடைக்கலாம், மேடு பள்ளத்தைச் சமன் செய்ய முடியாது.

பெற்றோராக நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு, சட்டமே இடம் கொடுக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. பல இடங்களில் கையெழுத்து வாங்க நோட்டு வீட்டுக்கே வந்துவிடும். வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்த ஆண்டு மானியம் எவ்வளவு, எப்போது வந்தது, வவுச்சர் எங்கே என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நேர்மையான தலைமையாசிரியருக்கு அது ஆறுதலாகவே இருக்கும், நான் பார்த்தவரையில்.

பின்னால் ஒரு கூட்டத்தில் நான் வேறொன்றைக் கேட்டேன்: போன மாதம் இரண்டு ஆசிரியர்களும் முழு நாள் வகுப்பில் இருந்த நாட்கள் எத்தனை? தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வருகைப் பதிவேட்டையும் வெளிவேலைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். பள்ளி நடந்தது இருபத்தொரு நாள். இரண்டு பேரும் இருந்தது பதினொரு நாள். "எனக்கே இப்பத்தான் சார் தெரியுது" என்றார். அன்றைய தீர்மானப் பதிவேட்டில் குழாய்க்கு 380 ரூபாய் என்று எழுதியதற்கு அடுத்த வரியில், கூட்டங்களையும் பயிற்சியையும் பள்ளி நேரத்துக்குப் பிறகு வைக்கும்படி வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்பது என்று எழுதி, குழாயைப் பற்றிக் கேட்ட அந்த அப்பாதான் முதல் கையெழுத்துப் போட்டார்.